அப்பத்தா நகைகள்: உருக்குவதா, மெருகு போடுவதா, அப்படியே வைப்பதா?

வளவுவீட்டுப்பெண்:

அனைவருக்கும் வணக்கம். காரைக்குடிக்கு அருகே உள்ள எங்கள் ஊர் வீட்டில், அப்பத்தா காலமாகி ஆண்டுத் திதி முடிந்த பிறகு, அவர்களுடைய நகைப் பெட்டியை அப்பச்சியும் (என் அப்பா) பெரியப்பாவும் அத்தையும் ஒன்றாக இருந்து திறந்தார்கள். ஒரு கழுத்துரு (நகரத்தார் திருமணத் தாலி மாலை), ஏழு கல் வைரத் தோடு ஒரு ஜோடி, ராணி தலை போட்ட பவுன்களைக் கோத்த காசு மாலை, கெம்பு அட்டிகை, இரட்டைச் சர முத்து மாலை, ஐயாவின் (தாத்தாவின்) அறுபதாம் கலியாணத்துக்குச் செய்த கௌரிசங்கரம் என்னும் உருத்திராட்ச மாலை ஆகியவை இருந்தன. கூடவே ஒரு பழைய கணக்கு நோட்டும் இருந்தது.

எல்லாவற்றையும் உருக்கி மூன்று பங்காகப் புதிதாகச் செய்துகொள்ளலாம் என்று பெரியப்பா சொல்கிறார். கடையில் கொடுத்து நன்றாக மெருகு போட்டுவிட்டு, உருப்படிகளாகப் பிரித்துக்கொள்ளலாம் என்பது அத்தையின் விருப்பம். தை மாதத்தில் அத்தை மகளுக்குத் திருமணம் வருகிறது. அப்பச்சியோ எதையும் தொடாமல் பழையபடி வங்கி லாக்கரில் வைத்துவிட வேண்டும் என்கிறார்.

இதற்கிடையே ஒரு குழப்பமும் வந்துவிட்டது. நோட்டில் "கழுத்துரு" என்பதற்கு நேரே 48 என்று மட்டும் எழுதியிருக்கிறது. தராசில் வைத்தால் எழுபது பவுனுக்கும் சற்று மேலே காட்டுகிறது. வேறு யாருடைய கழுத்துருவாவது இதனுடன் கலந்துவிட்டதோ என்று வீட்டில் பேச்சு எழுந்திருக்கிறது. விவரம் அறிந்தவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

தேவகோட்டைக் கணக்கர்:

கழுத்துரு கலந்திருக்காது, தங்கச்சி. அந்த 48 பவுன் கணக்காக இருக்க வாய்ப்பில்லை. ரூபாய் எடையாகத்தான் இருக்கும். அந்நாளில் ஒரு வெள்ளி ரூபாயின் எடை 180 கிரெயின், அதாவது ஒரு தோலா, இன்றைய கணக்கில் 11.66 கிராம். 48 ரூபாய் எடை என்றால் ஏறத்தாழ 560 கிராம். எட்டு கிராமால் வகுத்தால் சரியாக 70 பவுன் வருகிறது. அதற்கு மேல் தராசு காட்டுவது கோத்திருக்கும் கயிறும் உள்ளே நிரப்பிய அரக்குமாக இருக்கலாம். எங்கள் பக்கத்து நோட்டுகளில் ஒரே பக்கத்தில் ஒரு வரி ரூபாய் எடையிலும் அடுத்த வரி பவுனிலும் இருப்பது வழக்கமே. எழுதியவருக்கு எது எது என்று தெரியும், நமக்குத்தான் தெரியாது. இதே எண்ணை விலை என்று எண்ணி, "வெறும் 48 ரூபாய்க்கு வாங்கிய நகை" என்று சிரித்தவர்களையும் பார்த்திருக்கிறேன்.

அந்த நோட்டைப் பெட்டியிலிருந்து பிரிக்காதீர்கள். ஒவ்வொரு பக்கத்தையும் படம் எடுத்து மூன்று வீட்டுக்கும் ஒரு பிரதி கொடுத்துவிடுங்கள். வீசம், மாகாணி, அரைக்கால் போன்ற பின்னங்கள் தமிழ்க் குறியீடுகளில் இருந்தால், அவற்றைப் படிக்கத் தெரிந்த பெரியவர் இருக்கும்போதே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

உரைகல்:

ஆச்சி, தலைமுறைகளாகக் காரைக்குடியில் பட்டறை வைத்திருக்கும் குடும்பத்திலிருந்து எழுதுகிறேன். மூன்று யோசனைகளில் முதலில் நிறுத்த வேண்டியது மெருகு. உருக்குவதென்றால் குடும்பத்தில் நாலு பேர் தடுத்துப் பேசுவார்கள். மெருகுக்கு யாரும் தடை சொல்வதில்லை, அதனாலேயே பழைய நகைகளுக்குப் பெரும் சேதம் அதில்தான் நேர்கிறது. சுழலும் சக்கரத்தில் பிடிக்கும்போது தேய்ந்து போவது அழுக்கு மட்டுமன்று. மேடான இடம் எதுவோ அதுதான் முதலில் சக்கரத்தில் படும். திருமாங்கல்யத்தின் முகப்பில் இருக்கும் இலட்சுமியின் மூக்கு, விரல்கள், மகுடத்தின் நுனி ஆகியவை இரண்டு முறை மெருகு கண்டால் மழுங்கிவிடும். அதை மறுபடி செதுக்கிச் சேர்க்க முடியாது. திராவகத்தில் முக்கி எடுக்கும் வேலை இதைவிட மோசம். தங்கத்தைக் கரைக்கும் ராஜ திராவகத்தில் நகையை நனைத்துப் பளபளப்பாகத் திருப்பிக் கொடுத்துவிட்டு, கரைந்த தங்கத்தை எடுத்துக்கொண்டு போகும் தெருவோர ஏமாற்று இன்னும் நடக்கிறது. வீட்டு வாசலில் வந்து "மெருகு போட்டுத் தருகிறேன்" என்பவரிடம் ஒரு மோதிரத்தைக்கூடக் கொடுக்காதீர்கள்.

இரண்டாவதாக, ஒவ்வொரு நகையையும் திருப்பி வைத்துப் பின்புறத்தைப் பாருங்கள். முன்புறம் பார்ப்பவருக்காகச் செய்தது. செய்தவரின் கை பின்புறத்தில்தான் தெரியும். உங்கள் கழுத்துருவில் விரல்களைப் போல நீண்டிருக்கும் ஏத்தனம் ஒன்றை எடுத்து, பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் வழியாக அதன் ஓரத்தைக் கவனியுங்கள். இரண்டு தகடுகள் சேரும் இடத்தில் மெல்லிய கோடு போலப் பற்றுவைத்த தடம் ஓடும். பழைய வேலையில் அந்தக் கோடு தங்கத்தின் நிறத்திலேயே சற்றுச் சிவந்தோ வெளுத்தோ இருக்கும், ஏனென்றால் தங்கத்துடன் செம்பும் வெள்ளியும் சேர்த்த பொடியால் பற்றவைத்தார்கள். கோட்டுக்குப் பக்கத்தில் அரம் இழுத்த கீறல்கள் ஒரே திசையில் இருக்காது, கை திரும்பிய திசையிலெல்லாம் திரும்பியிருக்கும். அடியில் எங்கேயாவது குண்டூசித் தலை அளவு துளை இருந்து, அதில் கருஞ்சிவப்பாக ஏதோ அடைத்திருந்தால், அது அரக்கு. உள்ளே கூடாக இருப்பதை நசுங்காமல் தாங்குவதற்காக நிரப்பியது. இந்த ஒரு காரணத்துக்காகவே இவற்றைச் சுடுநீரில் போடக் கூடாது. 65, 70 டிகிரி சூட்டிலேயே அரக்கு இளகிவிடும். இளகிய அரக்கு துளை வழியே கசிந்து வெளியேறினால் உரு உள்ளே பொள்ளலாகி, அடுத்த முறை யாராவது அழுத்திப் பிடித்தால் அமுங்கிப் போகும்.

எந்த இடத்திலாவது வெள்ளையாகப் பளபளக்கும் ஈயப்பற்று இருந்தால், யாரோ இடைக்காலத்தில் அவசரமாக ஒட்டியிருக்கிறார்கள் என்று பொருள். அந்த நகையை நெருப்பில் காட்டினால் ஈயம் தங்கத்துக்குள் ஏறி அதை நொறுங்கச் செய்யும். பழுது பார்க்கக் கொடுக்கும்போது அதை விரல் வைத்துக் காட்டிச் சொல்லிவிட வேண்டும். கேடிஎம் என்று பெயர் பெற்ற காட்மியப் பற்று இந்த வகையைச் சேர்ந்ததன்று. அது மிகவும் பிற்காலத்து வழக்கம். அதன் புகை பட்டறையில் இருப்பவர்களின் நுரையீரலைக் கெடுத்ததால் அதைக் கைவிட வேண்டி வந்தது.

பர்மாக்கடைப் பேரன்:

உரைகல் அண்ணன் சொன்னதை மறுக்கவில்லை. ஆனாலும் ஒன்றைக் கேட்கிறேன். லாக்கரில் ஆண்டுக்கணக்காகக் கிடந்து, யார் கழுத்திலும் ஏறாத நகைக்கு இத்தனை பக்குவம் எதற்கு? எங்கள் வீட்டில் இரங்கூன் கடைக் காலத்து நகைகளைப் "பத்திரம்" என்ற ஒரே சொல்லால் மூன்று தலைமுறையாக யாரும் அணியவில்லை. கழுத்துரு திருப்பூட்டும் (தாலி கட்டும்) நாளிலும் அறுபதாம் கலியாணத்திலும் மட்டும் அணிவது மரபு, அது சரி. தோடும் அட்டிகையும் முத்தும் அப்படியல்லவே?

சாணைக்கல்:

மதுரையில் ரத்தினப் பரிசோதனைத் தொழிலில் இருக்கிறேன். அணியலாமா என்ற கேள்விக்கு விடை, கல் என்ன கல், எப்படிக் கட்டியது என்பதைப் பொறுத்தது. எனவே கற்களைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் வைரத்தோடு. செட்டிநாட்டில் பழைய நீலச் சாயை வைரத்தைப் புளூ ஜாகர் என்பார்கள். தென்னாப்பிரிக்காவில் 1870-ல் வைரம் கிடைத்த ஜாகர்ஸ்ஃபோன்டெய்ன் சுரங்கத்தின் பெயர்தான் இப்படி வழங்குகிறது. புற ஊதா விளக்கில் நீலமாக ஒளிரும் வைரங்கள் உலகில் நிறையவே உண்டு, ஆகவே ஒளிர்ந்தால் மட்டும் ஜாகர் சுரங்கத்துக் கல் என்று யாரும் சான்றிதழ் தர முடியாது. வெயிலில் அந்த நீலம் கல்லின் இலேசான மஞ்சளை மறைத்து வெண்மையாகக் காட்டும். அதனால்தான் ஆச்சிமார்களின் தோடு பகல் வெளிச்சத்தில் அப்படி எரிகிறது.

அதைவிட நம்பகமான அடையாளம் வெட்டு. லென்ஸை வைத்துக் கல்லின் மேற்பரப்பு வழியாக நேராகக் கீழே பாருங்கள். இன்றைய வைரத்தில் அடிப்பகுதி ஊசிமுனையாக முடியும். பழைய வெட்டில் அந்த முனையைச் சிறிது வெட்டி மழுக்கியிருப்பார்கள். எனவே மேலிருந்து பார்த்தால் நடுவில் சிறு வட்ட ஜன்னல் போல ஒன்று தெரியும். மேல் முகம் சிறியதாகவும் கல் உயரமாகவும் இருக்கும், பட்டைகள் சற்றுக் கோணலாகக்கூட இருக்கும். இன்றைய வட்ட வெட்டின் கணக்கை டோல்கோவ்ஸ்கி வெளியிட்டதே 1919-ல்தான். ஏழு கற்களில் ஆறு பழைய வெட்டாகவும் ஒன்று மட்டும் கூர்முனையுடனும் இருந்தால், அந்த ஒன்று பின்னாளில் மாற்றியது. அது வைரமாகவும் இருக்கலாம், 1976-க்குப் பிறகு சந்தைக்கு வந்த செயற்கை ஸிர்கோனியாவாகவும் இருக்கலாம். கடைகளில் வைக்கும் பேனா வடிவ டெஸ்டர் ஸிர்கோனியாவைப் பிடித்துவிடும். மொய்சனைட் என்னும் வைரம் போன்ற வேறொரு கல்லை வைரம் என்றே சொல்லிவிடக்கூடும். ஆகவே அந்தப் பேனாவின் சத்தத்தை வைத்து யார் மீதும் பழி சொல்லாதீர்கள், நற்சான்றும் கொடுக்காதீர்கள்.

அடுத்து கெம்பு. பர்மாவிலிருந்து வந்தது என்று வழிவழியாகச் சொல்லிவரும் கற்களில் பல மாணிக்கங்களே. சில ஸ்பைனல் என்னும் வேறு கனிமம். இங்கிலாந்து அரச மகுடத்தில் இருக்கும் புகழ்பெற்ற கறுப்பு இளவரசரின் மாணிக்கமே ஸ்பைனல்தான் என்று பின்னர் தெரிய வந்தது. அதனால் ஸ்பைனல் என்று முடிவு வந்தால் யாரும் மனம் கலங்க வேண்டியதில்லை, நல்ல பர்மா ஸ்பைனலுக்கு இன்று நல்ல மதிப்பு இருக்கிறது. மனம் தயாராக இருக்க வேண்டியது வேறொன்றுக்கு. பிரான்சின் வெர்னுய் என்பவர் உலையில் மாணிக்கம் வளர்க்கும் முறையை 1902-ல் வெளியிட்டார். அந்தச் செயற்கைக் கெம்பு வெகு சீக்கிரத்தில் உலகச் சந்தையெங்கும் பரவியது. எனவே "நூறு வருடத்து நகை, ஆகவே அசல் கல்" என்ற வாதம் செல்லாது. நூறு வருடத்துச் செயற்கைக் கல்லும் உண்டு. லென்ஸில் வளைந்த கோடுகளும் காற்றுக் குமிழிகளும் தெரிந்தால் உலைக்கல். பட்டு நூல் போல நுண்ணிய ஊசிகள் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு தெரிந்தால் இயற்கைக் கல்லாக இருக்க வாய்ப்பு அதிகம். புற ஊதா விளக்கில் சிவப்பாக எரிவது சான்றாகாது, உலைக்கல் அதைவிடப் பிரகாசமாக எரியும்.

முத்து மாலை 1920-களுக்கு முந்தையது என்று உறுதியானால் அது பெரும்பாலும் இயற்கை முத்தே, ஏனென்றால் வளர்ப்பு உருண்டை முத்து சந்தையில் பரவலானது அதற்குப் பிறகு. ஊகம் வேண்டாம், எக்ஸ்ரே எடுத்தால் உள்ளே வளர்ப்பு மணி இருக்கிறதா என்று தெளிவாகத் தெரிந்துவிடும்.

இனி அணிவது பற்றி. தோட்டில் கல் பதித்த கட்டடம் பின்புறம் திறந்ததா, தங்கத் தகட்டால் மூடியதா என்று பாருங்கள். திறந்திருந்தால் தாராளமாக அணியலாம், கழுவலாம். மூடியிருந்தால் கல்லுக்கு அடியில் மெல்லிய பளபளத் தாள் இருக்கக்கூடும். தண்ணீர் ஒரு சொட்டு உள்ளே போனால் தாள் கறுத்துக் கல் செத்தது போலாகிவிடும். கெம்பு அட்டிகைகளில் இது மிகச் சாதாரணமாக நடக்கிறது, பிறகு கல்லைக் குறை சொல்வார்கள். கடைகளில் நகையை அதிர்வுத் தொட்டியில் போட்டுச் சுத்தம் செய்கிறார்களே, அதில் மூடிய கட்டடம், மரகதம், முத்து, பவழம், அரக்கு நிரப்பிய உருப்படி எதையும் போட அனுமதிக்காதீர்கள். மரகதத்தின் வெடிப்புகளை எண்ணெயால் நிரப்பியிருப்பார்கள்; தொட்டியில் போட்டால் எண்ணெய் வெளியேறி, அதுவரை தெரியாத வெடிப்பெல்லாம் தெரியத் தொடங்கும்.

பள்ளத்தூர் ஆச்சி:

படித்தவர்கள் எல்லாரும் சொல்லிவிட்டீர்கள். வீட்டு முறையை நான் சொல்கிறேன்.

பூந்திக்கொட்டையை உடைத்து விதையை எடுத்துவிட்டு, தோலை ஆறிய நீரில் ஊற வைத்துப் பிழிந்தால் நுரை வரும். பின்புறம் திறந்த வைரத்தோட்டையும் கல் இல்லாத தங்க நகையையும் அதில் சிறிது நேரம் வைத்து, குழந்தைகளின் மெத்தென்ற பல் துலக்கியால் பின்பக்கத்திலிருந்து மெதுவாகத் தேய்த்து, நல்ல தண்ணீரில் அலசி, நிழலில் பழைய வேட்டித் துணியில் உலர்த்த வேண்டும். வைரம் மங்கிப் போவது தலை எண்ணெயாலும் குங்குமத்தாலும்தான்; எண்ணெயை வைரத்தைப் போல இழுத்துப் பிடிக்கும் கல் இல்லை. பற்பசையும் விபூதியும் போட்டுத் தேய்க்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள், தங்கம் கீறிப் போகும். கழுவும் பாத்திரத்தை வாஷ்பேசினில் வைக்காதீர்கள். வளவில் ஒரு தாம்பாளத்தை வைத்து அதற்குள் கழுவுங்கள்.

முத்துக்கு ஈரத் துணியால் ஒரு துடைப்பு போதும். வியர்வையோடு பெட்டியில் வைத்துவிட்டால் அதன் மேனி போய்விடும். பிளாஸ்டிக் பையில் போட்டு இறுக்கிக் கட்டாதீர்கள். ஈரம் உறிஞ்சும் சிறு பொட்டலங்களை வெள்ளிச் சாமான் பெட்டியில் போடுங்கள், முத்துக்குப் பக்கத்தில் போடாதீர்கள். வெள்ளிக்கு ஈரம் பகை, முத்துக்கு வறட்சி பகை. வெள்ளியில் ரப்பர் பேண்டு போட்டால் கறுத்துவிடும் என்பது உங்களுக்கே தெரிந்திருக்கும். வைரத்தை மட்டும் எதனுடனும் சேர்த்து முடியாதீர்கள், அது பக்கத்தில் இருக்கும் கெம்பையும் தங்கத்தையும் கீறிவிடும். ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக மல் துணிப் பை தைத்துக்கொள்ளுங்கள்.

உருக்குவதைப் பற்றி ஒரு வார்த்தை. பெரியப்பாவைக் குற்றவாளி ஆக்கிவிடாதீர்கள். பர்மாவை விட்டு வெறுங்கையுடன் வந்த பிறகு, ஒரு கழுத்துருவை அழித்து இரண்டு பெண்களுக்குச் சிறிதாகச் செய்து திருப்பூட்டி அனுப்பிய வீடுகள் இந்தப் பக்கத்தில் நிறைய இருந்தன. அதில் ஒரு குறையும் இல்லை. நகை பெண்ணுக்காக வந்தது.

உரைகல்:

ஆச்சி சொல்வது முழுக்கச் சரி, தேவைக்கு அழிப்பதை நான் ஒருபோதும் தவறென்று சொல்ல மாட்டேன். இங்கே இருப்பது தேவை அன்று, சமபங்கு. மூன்று பங்கும் கிராம் கணக்கில் சமமாக வர வேண்டும் என்பதற்காக மட்டும் உருக்குவது அநாவசியம், அதோடு நட்டமும்கூட. உருக்கும்போது அரக்கு போகும், பற்றுப்பொடி கலந்து மாற்று (தங்கத்தின் தரம்) குறையும், பிறகு சேதாரம், கூலி, வரி என்று புதிதாக மறுபடி கட்ட வேண்டியிருக்கும். உருப்படிகளை முழுதாக வைத்துக்கொண்டு மதிப்பிட்டு, கூடுதலாகப் பெற்றவர் குறைவாகப் பெற்றவருக்குப் பணமாக ஈடுகட்டுவதே என் யோசனை. மதிப்பீட்டைப் பங்குதாரர் யாருக்கும் சொந்தமில்லாத ஒருவரிடம், மூவரும் உடனிருந்து செய்ய வேண்டும். மதிப்பிடும் கடையே வாங்கும் கடையாகவும் இருக்கக் கூடாது.

இந்த வேலையை இன்று செய்யக்கூடிய கைகள் மிகக் குறைவு என்பதையும் கணக்கில் சேருங்கள். நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியைச் சேர்ந்த தமிழ்நாட்டுக் கழுத்துரு ஒன்றைக் காட்சிப் பொருளாகப் பாதுகாக்கிறார்கள். உங்கள் வீட்டில் இருப்பது அதன் உறவுதான். 70 பவுன் தங்கத்தை நாளைக்கே வாங்கலாம். அந்த ஏத்தனத்தை வாங்க முடியாது.

வளவுவீட்டுப்பெண்:

எல்லோருக்கும் நன்றி. 48 என்ற எண்ணின் புதிர் விடுபட்டதும் வீட்டில் பாதிச் சண்டை அடங்கிவிட்டது. இன்னும் சில ஐயங்கள். ஹால்மார்க் இல்லாத பழைய நகை இனிச் செல்லாது என்று கடைக்காரர் ஒருவர் பெரியப்பாவிடம் சொல்லியிருக்கிறார். வருமான வரிக்காரர்கள் கேட்டால் என்ன காட்டுவது என்ற அச்சம் அப்பச்சிக்கு. "மகளுக்குத் திருமணத்திலேயே முறை செய்தாகிவிட்டது, இப்போது பங்கு உண்டா" என்று ஒரு பங்காளி வேறு கேட்டுவிட்டார். அத்தை மிகவும் வருந்துகிறார்கள்.

தேவகோட்டைக் கணக்கர்:

கடைசிக் கேள்விக்கு முதல் விடை. அப்பத்தாவின் நகை அப்பத்தாவின் தனிச் சொத்து. 1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 14-ஆம் பிரிவு அதைத்தான் சொல்கிறது. உயில் இல்லாமல் அவர்கள் காலமானால், 15-ஆம் பிரிவின்படி மகன்களுக்கும் மகள்களுக்கும் சமபங்கு. கணவர் உயிரோடு இருந்தால் அவருக்கும் ஒரு பங்கு. திருமணத்தில் முறை செய்தது இதைக் குறைக்காது. பங்காளிக்கு இதில் பேச்சே இல்லை.

ஹால்மார்க் கட்டாயம் 2021 ஜூன் 16 முதல் நடைமுறைக்கு வந்தது, அது நகை விற்கும் கடைக்காரருக்கான விதி. வீட்டு நகையை வைத்திருப்பதற்கோ கடையில் விற்பதற்கோ அது தடையில்லை. அங்கீகாரம் பெற்ற பரிசோதனை மையத்தில் நீங்களே கட்டணம் செலுத்திச் சோதித்து அறிக்கை வாங்கலாம். "செல்லாது" என்று சொல்லிவிட்டு அடுத்த வார்த்தையாக "நாங்கள் எடுத்துக்கொள்கிறோம்" என்று ஒருவர் சொன்னால், அந்தக் கடைப் படியிலிருந்து இறங்கிவிடுங்கள்.

வரிச் சோதனையின்போது மணமான பெண்ணுக்கு 500 கிராம், மணமாகாத பெண்ணுக்கு 250 கிராம், ஆணுக்கு 100 கிராம் வரை பறிமுதல் செய்ய வேண்டாம் என்பது மத்திய நேரடி வரிகள் வாரியத்தின் 1994-ஆம் ஆண்டு அறிவுறுத்தல். இதை உச்சவரம்பு என்று பலர் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். வழிவழியாக வந்தது என்று காட்ட முடிந்தால் அதற்கு மேலும் வைத்திருக்கலாம். உங்கள் கணக்கு நோட்டு, பழைய திருமணப் புகைப்படங்கள், பாகப்பிரிவினைப் பத்திரம் எல்லாம் அதற்குத்தான் உதவும். தங்கக் கட்டுப்பாட்டுச் சட்டம் நடப்பில் இருந்த 1968 முதல் 1990 வரையிலான காலத்தில், குறிப்பிட்ட எடைக்கு மேல் இருந்த நகைகளை அரசுக்கு அறிவிக்க வேண்டியிருந்தது. அந்தப் படிவத்தின் நகல் ஐயாவின் காகிதக் கட்டில் இருக்கிறதா என்று தேடுங்கள், கிடைத்தால் அதைவிட நல்ல சான்று வேறில்லை. மூவரும் பிரித்துக்கொள்ளும்போது யாருக்கு எந்த உருப்படி, என்ன எடை, எவ்வளவு ஈட்டுப் பணம் என்று படங்களுடன் எழுதிக் கையொப்பமிட்டு வைத்துக்கொள்ளுங்கள். பின்னாளில் யாராவது விற்றால், 2001 ஏப்ரல் 1-ஆம் தேதி நிலவிய சந்தை மதிப்பை அடக்க விலையாகக் கொள்ளலாம். இலாபத்துக்கு இப்போதைய நீண்டகால வரி 12.5 விழுக்காடு.

லாக்கர் பற்றியும் அப்பச்சியிடம் சொல்லிவிடுங்கள். தீ, திருட்டு, ஊழியர் மோசடி போன்றவற்றால் இழப்பு நேர்ந்தால், ஆண்டு வாடகையின் நூறு மடங்குதான் வங்கியின் பொறுப்பு என்று 2022 முதல் ரிசர்வ் வங்கி விதி இருக்கிறது. நாலாயிரம் ரூபாய் வாடகைக்கு நாலு லட்சம். உள்ளே இருக்கும் கழுத்துருவின் மதிப்பை நீங்களே கணக்குப் பாருங்கள்! தனிக் காப்பீடு எடுக்க மதிப்பீட்டு அறிக்கை தேவைப்படும், அதையும் இதே சாக்கில் வாங்கிவிடலாம்.

உரைகல்:

பரிசோதனை மையம் என்றதும் ஒன்று நினைவுக்கு வந்தது. அங்கே எக்ஸ்ரே கருவியில் காட்டி மாற்றுச் சொல்வார்கள். அது மேற்பரப்பின் மிக மெல்லிய அடுக்கை மட்டுமே படிக்கும். எங்கள் பெரியவர்கள் உப்பு, படிகாரம் முதலியவற்றில் வேக வைத்து நகைக்கு நிறம் கொடுத்தார்கள். அந்த வேலையில் மேற்பரப்பிலிருந்து செம்பும் வெள்ளியும் நீங்கி, மேலே தங்கம் மிகுந்து நிற்கும். ஆகவே முன்புறத்தில் ஓர் எண், தேய்ந்த இடத்தில் ஓர் எண், பற்று வைத்த இடத்தில் வேறோர் எண் வந்தால் யாரும் ஏமாற்றினார்கள் என்று எண்ண வேண்டாம். பல இடங்களில் காட்டி எல்லா எண்ணையும் எழுதித் தரச் சொல்லுங்கள். 1963 ஜனவரியில் புதிய நகைகள் 14 காரட்டுக்கு மேல் இருக்கக் கூடாது என்று விதி வந்து, சில ஆண்டுகள் நீடித்தது. அந்தக் காலத்தில் செய்த உருப்படி ஏதாவது இருந்தால் மாற்று அடியோடு குறைவாக வரும், அதற்குப் பத்தரைப் பழிக்காதீர்கள். நிறையப் பத்தர்கள் அப்போது பட்டறையை மூடிவிட்டு வேறு வேலைக்குப் போனார்கள்.

பர்மாக்கடைப் பேரன்:

அப்படியானால் என் கட்சியும் தோற்கவில்லை. தோடு திறந்த கட்டடமாக இருந்தால் அத்தை மகள் தை மாதம் அணியலாம் அல்லவா?

சாணைக்கல்:

அணியலாம். அதற்கு முன் தோட்டின் திருகையும் சுரையையும் (திருகு ஏறும் குழல்) மட்டும் பத்தரிடம் காட்டிவிடுங்கள். பழைய தோடு தொலைவதற்குக் கல் காரணமாக இருப்பதில்லை, மரை தேய்ந்த திருகுதான் காரணம். திருகைப் புதிதாக மாற்றினாலும் பழையதைத் துணிப்பையிலேயே போட்டு வையுங்கள்.

வளவுவீட்டுப்பெண்:

நேற்று மூவரும் உட்கார்ந்து பேசினார்கள். கழுத்துருவை அழிப்பதில்லை என்று முடிவாகியிருக்கிறது. அது அத்தை பங்கில் போகிறது, ஈட்டுத் தொகையை மதிப்பீட்டுக்குப் பிறகு பேசிக்கொள்வதாகப் பெரியப்பா ஒப்புக்கொண்டார். தோடு பின்புறம் திறந்த கட்டடம்தான். அட்டிகை மூடியது, அதைத் துணியால் துடைப்பதோடு நிறுத்திக்கொண்டோம். காசு மாலை பெரியப்பாவுக்கு வருகிறது. அதில் சில காசுகளின் வளையம் தேய்ந்து அறுந்துவிடும் நிலையில் இருக்கிறது. உள்ளூர்ப் பத்தர் ஒருவர் புதிய வளையம் பற்றவைத்துத் தருவதாகச் சொல்கிறார். கொடுக்கலாமா?

உரைகல்:

கொடுப்பதற்கு முன்பு ஒவ்வொரு காசின் இரு பக்கத்தையும் படம் எடுத்து, ஆண்டையும் எழுதிக்கொள்ளுங்கள். ராணியின் முகம் மூன்று வகையாக இருக்கும்: 1887 வரை இளமை முகம், பிறகு 1893 வரை சிறு மகுடம் வைத்த முகம், அதன் பிறகு முக்காடிட்ட முதிய முகம். இடையே ஜார்ஜ் மன்னர் காசு ஏதாவது இருந்து, அதில் 1918 என்ற ஆண்டும் குதிரைக்குக் கீழே ஐ என்ற சிறிய ஆங்கில எழுத்தும் தெரிந்தால், அது பம்பாய் அச்சகத்தில் அடித்த பவுன். மாலையில் இருப்பவற்றுள் மிகப் பிந்திய ஆண்டு எதுவோ, மாலை அதற்குப் பிறகுதான் இந்த வடிவில் கோக்கப்பட்டிருக்கும். எடையையும் பாருங்கள், அச்சிலிருந்து வந்த பவுன் 7.988 கிராம், வளையத்துடன் அதைவிடச் சற்றுக் கூடும். மிகவும் குறைந்தால் தேய்மானமா, போலியா என்று தனியாகப் பார்க்க வேண்டும்.

வளையம் ஏற்கெனவே பற்றியிருக்கும் இடத்திலேயே புதியதை வைக்கச் சொல்லுங்கள், காசின் வேறு இடத்தில் நெருப்புப் படவோ துளை போடவோ கூடாது. பற்றுப்பொடி தங்கப் பொடியாக இருக்கட்டும், ஈயம் கூடவே கூடாது. பற்றவைத்த பிறகு வளையத்தை மட்டும் அரத்தால் தேய்த்துச் சீராக்கினால் போதும். காசுக்கு மெருகு வேண்டாம் என்று கொடுக்கும் சீட்டிலேயே எழுதிக் கொடுத்துவிடுங்கள். பழைய வளையங்களைத் திருப்பி வாங்கி எடை போட்டுக்கொள்ளவும் மறக்காதீர்கள்.